காலணிக்குக் கீழே ஒரு சக்கரம்



தமிழ்நாட்டுக் குழந்தை முதன்முதலாகப் பழகும் சக்கரம் நடைவண்டியின் சக்கரம். மூன்று மரச் சக்கரங்களின் மீது நிற்கும் அந்தச் சிறு வண்டியைத் தள்ளிக்கொண்டே நம்மில் பலர் நடை கற்றோம். சற்று வளர்ந்தபின், லாரிப் பட்டறைகளில் கழித்துப் போட்ட பழைய பேரிங்குகளைக் கேட்டு வாங்கி வந்து, ஒரு பலகையின் அடியில் பொருத்தி, பேரிங் வண்டி செய்து தெருச் சரிவில் உருண்டோடியவர்களும் உங்களுள் இருப்பீர்கள். நடைவண்டியில் சக்கரம் கைக்கு முன்னே இருந்தது. பேரிங் வண்டியில் அது பலகைக்கு அடியில் இருந்தது. பாதத்தின் அடியிலேயே சக்கரத்தைக் கட்டிக்கொண்டு ஓடும் கருவி ஒன்றும் உண்டு. ரோலர் ஸ்கேட் என்று விளையாட்டரங்குகளில் வழங்கும் அதனைச் சக்கரக் காலணி என்று நாம் அழைக்கலாம். அந்தச் சக்கரங்களைப் பொருத்துவது எவ்வாறு, பேணுவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இப்பொருளை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் முதலிய ஊர்களின் மாணவர்களை மனத்தில் கொண்டே தேர்ந்தேன். பாலாற்றுப் படுகையில் அமைந்த அவ்வூர்கள் தோலுக்குப் பேர் பெற்றவை. ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு அரைகுறையாகப் பதனிட்ட தோல் இங்கிருந்து கப்பலேறி அயல்நாடு சென்றது. 1970-களில் அரசு அத்தகைய தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் முழுமையாகப் பதனிட்ட தோலும், தைத்து முடித்த காலணியும் அவ்விடத்திலிருந்து வெளிநாடு செல்லலாயின. ஆகவே, காலணியின் மேல்பாகம் எவ்வாறு வெட்டப்படுகிறது, எவ்வாறு தைக்கப்படுகிறது, பாத வடிவக் கட்டையின் மீது எவ்வாறு இழுத்துப் பொருத்தப்படுகிறது என்பவற்றை அவ்வூர் மாணவர்கள் வீட்டுப் பேச்சிலேயே கேட்டு வளர்கிறார்கள். சக்கரக் காலணியின் மேல்பாதி அவர்களுக்குப் பழகிய பொருள். அதன் கீழ்ப்பாதியை அறிந்துகொண்டால் அக்கருவி முழுவதும் அவர்கள் கைக்குள் வந்துவிடும்.

இதனை அறிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். இரண்டு பயன்கள் உண்டு. மாட்டு வண்டியின் சக்கரம் கழன்றால் வண்டி சாயும். சக்கரக் காலணியின் சக்கரம் கழன்றால் மனிதன் விழுவான். அவன் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் விழுவான்; முழங்கையும் மணிக்கட்டும் தரையைத் தாங்கும். ஒரு நட்டின் தளர்ச்சி ஒரு பிள்ளையின் எலும்பு முறிவாக முடியலாம். இது முதற்பயன். இரண்டாவது, செலவைப் பற்றியது. நல்ல சக்கரக் காலணி விலை மிக்கது. நடுத்தரக் குடும்பங்களில் அது பெரும்பாலும் அண்ணனிடமிருந்து தம்பிக்கும், ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கும் கைமாறியே வருகிறது. கால் வளர்ந்துவிடுகிறது, காலணி சிறுத்துவிடுகிறது. ஆனால் அதன் அச்சும் பேரிங்கும் முறையாகப் பேணப்பட்டிருந்தால் அடுத்த பிள்ளைக்கும் உழைக்கும். பேணத் தெரிந்தவனுக்கே இவ்விளையாட்டு நெடுநாள் கைகூடும்.

இனி, இக்கருவி பிறந்த கதையைச் சிறிது பார்ப்போம்.

இன்றைய பெல்ஜிய நாட்டில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த ஜான் ஜோசப் மெர்லின் என்னும் கருவி வல்லுநர், 1760-களில் தம் காலணிகளில் சக்கரம் பூட்டி, வயலின் வாசித்தபடியே ஒரு விருந்து மண்டபத்தில் உருண்டு வந்தாராம். வந்தவருக்குத் திரும்பவும் வழியில்லை, நிற்கவும் வழியில்லை. எதிரே இருந்த பெரிய நிலைக்கண்ணாடியில் மோதி, கண்ணாடியையும் வயலினையும் உடைத்துத் தாமும் காயமுற்றார் என்று கூறுவர். உருளும் சக்கரம் இருந்தால் மட்டும் போதாது, அதனை ஆளும் வழியும் வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று இல்லை.

1819-ஆம் ஆண்டில் பெத்திப்லே என்பவர் பாரிசில் ஒரு சக்கரக் காலணிக்கு உரிமம் பெற்றார். அதில் சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் நின்றன. நேரே செல்ல அது பயன்பட்டது. வளைந்து திரும்புவதோ கடினமாயிருந்தது. 1863-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன் இக்குறையைத் தீர்த்தார். முன்னே இரண்டு, பின்னே இரண்டு என நான்கு சக்கரங்களை வைத்தார். அச்சுக்கும் காலணித் தகட்டுக்கும் இடையே ரப்பர்த் துண்டுகளை அமைத்தார். உடலை ஒரு பக்கம் சாய்த்தால் ரப்பர் அமுங்கும். அச்சு அப்பக்கம் திரும்பும். காலணியும் வளைந்து செல்லும். மெர்லின் கண்ணாடியில் மோதி ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்த பின்னரே மனிதன் சக்கரக் காலணியில் விரும்பியவாறு திரும்பக் கற்றான்.

அடுத்த முன்னேற்றம் சக்கரத்துக்குள்ளே நிகழ்ந்தது. அச்சும் சக்கரமும் நேராக உரசினால் ஆற்றல் வீணாகும், சூடு பிறக்கும், தேய்மானம் மிகும். இடையே உருண்டைக் குண்டுகளை வைத்தால் உரசல் உருளலாக மாறும். 1794-இல் வேல்ஸ் நாட்டு பிலிப் வான் என்பவர் வண்டி அச்சுக்காக இவ்வமைப்புக்கு உரிமம் பெற்றார். 1869-இல் பாரிசிலிருந்து ரூவான் நகருக்கு நடந்த மிதிவண்டிப் பந்தயத்தில் வென்ற ஜேம்ஸ் மூரின் வண்டியில் குண்டுப் பேரிங்குகள் இருந்தன. 1883-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரத்து ஃபிரீட்ரிக் ஃபிஷர், எஃகுக் குண்டுகளை ஒரே அளவாகவும் முழு உருண்டையாகவும் தேய்த்தெடுக்கும் பொறியை அமைத்தார். சக்கரக் காலணியும் அதே காலத்தில் பேரிங்கைப் பெற்றது. 1970-களில் மரத்துக்கும் உலோகத்துக்கும் களிமண் கலவைக்கும் மாற்றாகப் பாலியூரித்தேன் என்னும் வேதிப்பொருளால் ஆன சக்கரம் பரவியது. 1980-களில் ஒரே வரிசைச் சக்கரக் காலணி அமெரிக்காவில் புத்துயிர் பெற்று உலகெங்கும் சென்றது. இன்று இரு வகைகளும் வழக்கில் உள்ளன. இரண்டிரண்டாக நான்கு சக்கரம் உடையது ஒன்று. ஒரே வரிசையில் மூன்றோ நான்கோ சக்கரம் உடையது மற்றொன்று.

இப்போது ஒரு சக்கரத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வோம். நடுவே ஒரு குடம். சுற்றிலும் பாலியூரித்தேன் பட்டை. குடத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பேரிங் அமர்ந்திருக்கிறது. பெரும்பாலான சக்கரக் காலணிகளில் பயன்படுவது 608 என்னும் எண்ணுடைய பேரிங். அதன் உட்துளை 8 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர். தடிப்பு 7 மில்லிமீட்டர். சில நான்கு சக்கர வகைகளில் அச்சு 7 மில்லிமீட்டராக இருக்கும். அவற்றுக்கு 627 என்னும் எண்ணுடையது வேண்டும். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒரே அளவு. எனவே கடையில் கேட்குமுன் அச்சின் தடிப்பை அளந்துகொள்ள வேண்டும். 7 மில்லிமீட்டர் அச்சில் 8 மில்லிமீட்டர்ப் பேரிங்கை மாட்டினால் சக்கரம் ஆடும். ஓடஓட ஆட்டம் மிகும். 2017-ஆம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகள் கைவிரலில் சுழற்றி விளையாடிய சுழலி நினைவிருக்கிறதா? அவற்றுள் பலவற்றின் நடுவே இருந்ததும் இதே 608 பேரிங்தான்.

பேரிங்கில் இரண்டு வளையங்கள் உள்ளன. உள்வளையம் அச்சைப் பற்றி நிற்கும். வெளிவளையம் சக்கரத்தோடு சுழலும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் எஃகுக் குண்டுகள் உருளும். குண்டுகள் ஒன்றோடொன்று மோதாமல் ஒரு சிறு கூடு அவற்றை இடைவெளி விட்டுப் பிடித்திருக்கும். சக்கரக் காலணி நன்கு ஓடுவதும் ஓடாததும் இந்தக் குண்டுகளின் நலத்தைப் பொறுத்தது. உருவம் சிறிதென்று எவரையும் இகழலாகாது என்று உணர்த்த வந்த திருவள்ளுவர் தேரின் அச்சாணியை உவமை காட்டினார். அவர் கண்ட உண்மையை நாம் இந்தக் குண்டுகளிலும் காணலாம்.

பேரிங்கை வாங்கும்போது ஏபெக் என்னும் குறியீடும் அதனோடு 1, 3, 5, 7, 9 என்னும் எண்களுள் ஒன்றும் அட்டையில் இருப்பதைக் காண்பீர்கள். எண் உயர உயர, வளையங்கள் எவ்வளவு நுட்பமான அளவோடு செய்யப்பட்டுள்ளன என்பது உயரும். அந்த எண் வேகத்தின் அளவு ஆகாது. தூசி படிந்த 7-ஆம் எண் பேரிங்கினும், தூய்மையாக எண்ணெயிட்ட 3-ஆம் எண் பேரிங் நன்றாக ஓடும். எனவே, விலையில் மிக்கதைத் தேடுவதினும் உள்ளதைத் தூய்மையாக வைத்தல் சிறந்தது.

இனிப் பொருத்தும் முறைக்கு வருவோம். முதலில் ஒரு பேரிங்கைச் சக்கரத்தின் ஒரு பக்கத்தில் நேராக அழுத்தி அமர்த்த வேண்டும். சாய்ந்து நுழைந்தால் குடத்தின் சுவர் கீறும். சுத்தியால் அடித்தல் கூடாது. அடியின் அதிர்ச்சி குண்டுகள் உருளும் பள்ளத்தில் வடுவாகப் பதியும். சமதளத்தில் பேரிங்கை வைத்து, அதன் மீது சக்கரத்தை வைத்து, உள்ளங்கையால் நிதானமாக அழுத்தினால் போதும். பிறகு சக்கரத்தைத் திருப்பி, இரண்டு பேரிங்குகளுக்கும் இடையே நிற்கும் சிறு உலோகக் குழாயைத் துளைக்குள் இட்டு, மறுபக்கப் பேரிங்கை அமர்த்த வேண்டும்.

அந்தச் சிறு குழாயைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கழற்றும்போது கீழே விழுந்து உருண்டோடினால் தேடுவதுமில்லை. அது செய்யும் பணியை எண்ணிப் பாருங்கள். நட்டை முடுக்கும்போது இரு பக்கத்து உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்படுகின்றன. வெளிவளையங்களோ குடத்தின் படியில் தடுக்கப்பட்டு நகராமல் நிற்கின்றன. இடையே குழாய் இருந்தால் உள்வளையங்கள் அதில் முட்டி நின்றுவிடும், குண்டுகளுக்குத் தீங்கில்லை. குழாய் இல்லையேல் உள்வளையங்கள் மேலும் உள்ளே தள்ளப்பட, குண்டுகள் பள்ளத்தின் பக்கச் சுவரில் ஏறி நசுங்கும். சக்கரம் இறுகும், சில நாட்களில் கரகரவென்று ஒலிக்கத் தொடங்கும். பேரிங் கெட்டுவிட்டது என்று சொல்லிப் புதியது வாங்குவர். கெடுத்தது காணாமற் போன குழாய் என்பதை அறியார். புதியதும் அவ்வாறே கெடும்.

நான்கு சக்கர வகைகள் பலவற்றில் இக்குழாய் இருப்பதில்லை. அங்கே முறை வேறு. சக்கரம் பக்கவாட்டில் அசையாத அளவுக்கு நட்டை முடுக்கி, பிறகு கால் சுற்றுக்கு மேற்படாமல் தளர்த்த வேண்டும். விரலால் சுண்டினால் சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும்; கையால் பிடித்து அசைத்தால் மிக நுண்ணிய அசைவு மட்டும் தெரியலாம். மிக இறுக்கினால் ஓட்டம் கெடும். மிகத் தளர்த்தினால் உயிருக்கு ஊறு. வீணையின் நரம்பை முறுக்குபவன் அறிந்த அளவு இது. கையே கற்றுக்கொள்ள வேண்டும். ஒரே வரிசை வகையில் குழாய் இருப்பதால் அச்சுத் திருகை உறுதியாகவே முடுக்கலாம்.

நட்டைப் பற்றியும் ஒரு சொல். இக்கருவிகளில் நட்டின் உள்வாயில் நைலான் வளையம் ஒன்று இருக்கும். அது மரையை இறுகப் பற்றிக்கொண்டு, அதிர்ச்சியால் நட்டுத் தானே கழலாமல் காக்கும். பலமுறை கழற்றி மாட்டினால் நைலான் தேய்ந்து பிடி தளரும். நட்டை ஸ்பேனர் இன்றி வெறும் விரலாலேயே மரையின் கடைசி வரை திருக முடிந்தால், அதன் காலம் முடிந்தது என்று கொள்க. சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் அது. அதனைச் சேமிப்பதில் சிக்கனம் இல்லை.

அடுத்துச் சக்கரத்தின் கடினத்தைக் காண்போம். ஆல்பர்ட் ஷோர் என்னும் அமெரிக்கர் அமைத்த அளவுமுறைப்படி ரப்பர் போன்ற பொருள்களின் கடினத்தை எண்ணால் குறிப்பர். சக்கரத்தின் பக்கத்தில் 78, 85, 95 என்றவாறு எண்ணும், அதனருகே ஏ என்னும் ஆங்கில எழுத்தும் பொறித்திருக்கும். எண் குறைந்தால் மென்மை, கூடினால் கடினம். வழவழப்பான உள்ளரங்கத் தரைக்கு 90-க்கு மேற்பட்ட கடினச் சக்கரம் ஏற்றது. அது தரையில் அமுங்காமல் விரைந்தோடும். சொரசொரப்பான சாலைக்கு 78 முதல் 85 வரையுள்ள மென்சக்கரமே தக்கது. ஒரு சிறு கல்லை எதிர்கொள்ளும்போது மென்சக்கரம் அமுங்கி அதன் மீது ஏறிச் செல்லும். கடினச் சக்கரம் கல்லில் முட்டி நின்றுவிடும். காலணி நிற்கும், மேலே உள்ள உடல் நிற்காது. விழுதல் பெரும்பாலும் இவ்வாறே நேர்கிறது. வேலூர் வெயிலை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கத்திரி நாட்களில் நண்பகல் சாலையின் சூட்டில் பாலியூரித்தேன் மேலும் மென்மையாகி விரைவில் தேயும். காலைப் பயிற்சியே உடலுக்கும் சக்கரத்துக்கும் நலம்.

இந்தச் சிறு சக்கரங்கள் எத்துணை வேலை செய்கின்றன என்பதைக் கணக்கால் உணரலாம். 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் செல்லும். ஒரு கிலோமீட்டர் செல்ல அது 5,000 முறைக்கு மேல் சுழல வேண்டும். ஆம்பூரின் தோல் பதனிடும் சாலைகளில் தோலையும் மருந்து நீரையும் உருட்டும் பெரிய மர டிரம்மைப் பார்த்திருப்பீர்கள். ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட அந்த உருளை நிமிடத்துக்குச் சில சுற்றுகளே சுழல்கிறது. ஆயினும் அதன் அச்சையும் தாங்கியையும் தொழிலாளர் கருத்தாகப் பார்த்து மசகிடுவர். அவ்வாறாயின், ஒரு மாலைப் பொழுதில் பல்லாயிரம் சுற்றுச் சுழலும் சிறு சக்கரத்துக்கு எவ்வளவு கவனிப்பு வேண்டும்!

நம் மாநிலத்து வீரர் ஒருவரின் ஓட்டத்தையும் இக்கணக்கில் வைத்துப் பார்க்கலாம். சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ஆம் ஆண்டு சீனாவின் பெய்தைஹே நகரில் நடந்த உலக வேகச் சறுக்குப் போட்டியில் 1,000 மீட்டர் தூரத்தை 1 நிமிடம் 24.924 வினாடியில் கடந்து தங்கப் பதக்கம் வென்றார். சராசரி வேகம் மணிக்கு 42 கிலோமீட்டருக்கு மேல். சக்கரத்தின் விட்டம் 110 மில்லிமீட்டர் என்று கொண்டால், அது ஒவ்வொரு வினாடியிலும் 34 முறை சுழன்றிருக்கும். நாம் ஒருமுறை கண்ணிமைப்பதற்குள் பத்துச் சுற்று! 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் 3,000 மீட்டர் தொடரோட்டத்தில் இந்திய ஆடவர் அணியும் மகளிர் அணியும் வெண்கலம் பெற்றன. ஆடவர் அணியில் ஆனந்த்குமாரும், மகளிர் அணியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரி ராஜ் ஆகியோரும் ஓடினர். வெற்றிக்குக் காரணம் அவர்களுடைய உழைப்பு. ஆனால் அத்தகைய வேகத்தில் ஒரு பேரிங் இறுகினாலும் ஒரு திருகு தளர்ந்தாலும் அவ்வுழைப்பு முழுவதும் ஒரு நொடியில் வீணாகும். ஆதலால் பந்தயத்துக்கு முன் காலணியைச் சரிபார்த்தலும் பயிற்சியின் ஒரு பகுதியே.

இனிப் பேணும் முறை. சக்கரம் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய்வதில்லை. ஓடுபவன் காலை வெளிப்புறமாக உதைத்துத் தள்ளுகிறான். அப்போது காலணி உட்புறம் சாய்கிறது. ஆகவே சக்கரத்தின் உள்விளிம்பே மிகுதியாகத் தேய்கிறது. தேய்ந்த பக்கத்தைக் கண்டவுடன் சக்கரங்களை இடம் மாற்ற வேண்டும். ஒரே வரிசையில் நான்கு சக்கரம் இருந்தால் முதலாவதை மூன்றாவதன் இடத்திலும், இரண்டாவதை நான்காவதன் இடத்திலும் மாற்றி, தேய்ந்த விளிம்பு வெளிப்புறம் வருமாறு திருப்பிப் பூட்டுக. இரண்டிரண்டு சக்கர வகையில் மூலைக்கு மூலை மாற்றுக. பயிர் மாற்றிப் பயிரிடும் உழவன் நிலத்தின் வளத்தைக் காப்பது போல, இடம் மாற்றிப் பூட்டுபவன் சக்கரத்தின் ஆயுளைக் காக்கிறான்.

பேரிங்கின் பகை இரண்டு: தூசியும் நீரும். மழை நீரில் ஓடிய அன்றே சக்கரங்களைக் கழற்றித் துடைத்து உலர்த்த வேண்டும். மறுநாள் பார்ப்போம் என்று விட்டால் எஃகுக் குண்டில் துரு ஏறும். துருவேறிய குண்டு மீண்டும் வழவழப்பாகாது. தூசி புகுந்தால் ஓசையே சொல்லிவிடும். சக்கரத்தைச் சுண்டிக் காதருகே பிடியுங்கள். மெல்லிய சீறல் நலத்தின் அறிகுறி. மணலை அரைப்பது போன்ற ஒலி நோயின் அறிகுறி.

தூய்மை செய்ய, பேரிங்கின் பக்கத்தில் உள்ள மூடியைக் குண்டூசியால் மெல்ல நெம்பி எடுக்க வேண்டும். எடுக்க இயலாத மூடி உடையவற்றை வெளியே துடைப்பதோடு நிறுத்திக்கொள்க. மூடி எடுத்ததைப் பட்டறைகளில் வழங்கும் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் அலசி, பழைய பசையும் தூசியும் நீங்கியபின் துணியில் உருட்டி முற்றிலும் உலரவிடுக. இவ்வேலையைத் திறந்த வெளியில், அடுப்புக்கும் தீக்குச்சிக்கும் எட்டத்தில், பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்தல் வேண்டும். பெயின்டுக் கடைத் தின்னர் வேண்டா. அது கூட்டின் நைலானைக் கெடுக்கக்கூடும். உலர்ந்தபின் தையல் எந்திரத்துக்கு இடும் மெல்லிய எண்ணெயில் ஒன்றிரண்டு துளி போதும். மிகுதியாக இட்டால் எண்ணெயே தூசியைக் கூட்டிச் சேர்க்கும். வீட்டில் கைக்கெட்டுவது தேங்காய் எண்ணெய் என்று அதனை ஊற்றுவோரும் உளர். மார்கழிக் காலையில் அந்த எண்ணெய் புட்டியில் உறைந்து கிடப்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். பேரிங்குக்குள்ளும் அது அவ்வாறே உறையும்.

சக்கரம், அச்சு, நட்டு ஆகியவற்றைப் பார்த்தோம். இறுதியாக, தோலும் இரும்பும் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். தோல் ஊரின் மாணவர்கள் தனிக் கருத்துடன் கேட்க வேண்டிய பகுதி இது. நான்கு சக்கர வகையில், அச்சுகளைத் தாங்கும் தகடு காலணியின் அடித்தோலில் திருகுகளால் பூட்டப்பட்டிருக்கும். இரும்பு தன் அளவில் நிற்கும். தோல் அவ்வாறு நிற்பதில்லை. அது உயிர்ப்பொருளிலிருந்து வந்தது; நார்களால் ஆனது; ஈரத்தை வாங்கினால் உப்பும்; உலர்ந்தால் சுருங்கும்; அழுத்தம் பட்டால் அமுங்கும். புதிய காலணியை அணிந்து சில நாட்கள் ஓடியவுடன் அடித்தோல் அமுங்குகிறது. திருகின் பிடியில் நூலிழை அளவு இடைவெளி பிறக்கிறது. ஓடும்போது அந்த இடைவெளி அசைவாகிறது; அசைவு துளையைப் பெரிதாக்குகிறது; பெரிதான துளையில் திருகு நிற்பதில்லை. ஆகவே புதுக்காலணியின் திருகுகளை முதல் சில நாட்களிலேயே மீண்டும் ஒருமுறை முடுக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின்னும், கோடையின் தொடக்கத்திலும் மறுபடி பார்க்க வேண்டும்.

தோலுக்கு வியர்வையும் ஒரு பகை. அதன் உப்பு தோலின் நெகிழ்ச்சியைக் கெடுக்கும். அணிந்து கழற்றியபின் வாரைத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, நிழலில் காற்றோட்டமாக வைக்க வேண்டும். நனைந்த காலணியை வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்துக் காயவைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். தோல் பதனிடும் சாலையிலும் நல்ல தோலை அளவறிந்தே உலர்த்துவர் என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மாணவர்களே, இத்தனையும் செய்ய நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். காலணியை அணியுமுன் ஒவ்வொரு சக்கரத்தையும் சுண்டிப் பாருங்கள், அசைத்துப் பாருங்கள், நட்டுகளை விரலால் தொட்டுப் பாருங்கள், அடித்திருகுகளையும் முன்தடையின் ரப்பரையும் ஒரு நோட்டம் பாருங்கள். தலைக்கவசமும் முழங்கால் உறையும் அணிந்த பின்னரே எழுந்து நில்லுங்கள். மாதம் ஒருமுறை சக்கரங்களைக் கழற்றித் துடையுங்கள். ஒரு ஸ்பேனர், ஓர் அறுமுனைச் சாவி, பழந்துணி, எண்ணெய்ப் புட்டி, இவையே இதற்கு வேண்டிய கருவிகள்.

இக்கருவியைப் பேணக் கற்றவன் மிதிவண்டியைப் பேணுவான்; மிதிவண்டியைப் பேணியவன் எந்திரத்தைப் பேணுவான். பாலாற்றங்கரை ஊர்களில் தைத்த காலணிகள் கடல் கடந்த நாடுகளின் வீதிகளில் நடக்கின்றன. அவ்வூர்ப் பிள்ளைகளின் கைகளில் தோலின் அறிவு பரம்பரையாக வந்திருக்கிறது. சக்கரத்தின் அறிவும் அதனோடு சேருமானால், ஒருநாள் உலக அரங்கில் ஓடும் காலணியைச் செய்பவரும் அதில் ஓடுபவரும் அவர்களுள்ளேயே தோன்றலாம். அதுவரை, உங்கள் வீட்டு மூலையில் பரணில் கிடக்கும் பழைய சக்கரக் காலணி ஏதேனும் இருந்தால், அதனை இறக்கித் தூசி தட்டுங்கள். சக்கரத்தை ஒருமுறை சுண்டிப் பாருங்கள். அது கரகரவென்று ஒலித்தால் எறிந்துவிடாதீர்கள். கழற்றிப் பார்த்து, காரணம் அறிந்து, மீண்டும் ஓடச் செய்து, அதற்கு ஏற்ற கால் உடைய ஒரு பிள்ளையின் கையில் கொடுங்கள்.